செத்தவரும் விட்டுப் போனவரும்: தொலைக்காட்சித் தொடர்கள் துக்கத்தைக் காட்டும் விதம்

இரவு எட்டு மணி சீரியலில் சாவு எப்படி வரும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போன் அடிக்கும். எடுத்தவர் கையிலிருந்து அது நழுவும். மூன்று பக்கத்திலிருந்து மூன்று க்ளோசப், கூடவே மூன்று இடி. வீட்டிலிருக்கும் பத்துப் பதினைந்து பேர் முகத்தையும் ஒரு சுற்று காட்டி முடிப்பதற்குள் ‘தொடரும்’ வந்துவிடும். மறுநாள் மாலை போட்ட படம், குத்துவிளக்கு, பின்னால் அழும் வயலின். அடுத்த வாரம் சொத்துச் சண்டை. செத்தவரை அத்தோடு எல்லாரும் மறந்துவிடுவார்கள். கதைக்கு மறுபடி தேவைப்பட்டால் அவரே வேறு ஊரில் நினைவு தப்பிக் கிடந்ததாகத் திரும்பி வருவார்.

கிண்டலடிக்க வசதியான விஷயம்தான். ஆனால் இதற்கு ஒரு நியாயமும் உண்டு. தினசரி சீரியலை நம்மில் பாதிப்பேர் பார்ப்பதில்லை, கேட்கிறோம். அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டே கதையைப் பின்தொடர்பவருக்கு, ஹாலில் யாரோ போய்விட்டார் என்று வயலின்தான் சொல்லியாக வேண்டும். அந்த வேலையை அது ஒழுங்காகவே செய்கிறது. அதிர்ச்சியை நன்றாகக் கொடுக்கும் இந்த முறை, அதிர்ச்சிக்குப் பிறகு வருவதைக் கண்டுகொள்வதே இல்லை என்பதுதான் குறை. துக்கம் என்பது அந்தப் பிறகுதான்.

தொடர்கள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று புதிதாகக் கவனிக்கத் தொடங்குபவருக்காக இதை எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்க, கொரியத் தொடர்களிலிருந்து. அவற்றின் கதைத் திருப்பங்கள் சில இங்கே வெளிப்படும். முன்கூட்டியே தெரிந்துகொள்வது பிடிக்காதவர்கள் கவனிக்க.

பிரிவு இரண்டு வகை

ஒருவர் நம் வாழ்க்கையிலிருந்து இல்லாமல் போவது இரண்டு வழியில் நடக்கலாம். ஒன்று, செத்துப்போவது. இன்னொன்று, விட்டுப்போவது. ஓடிப்போன அப்பா, வேறு குடும்பம் அமைத்துக்கொண்ட கணவன், பெற்ற குழந்தையை எங்கேயோ வைத்துவிட்டுப் போன அம்மா. இரண்டிலும் மிஞ்சுவது ஒரு காலி இடம் என்பதால், கதை எழுதுகிறவர்கள் பல நேரம் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிடுகிறார்கள். ஆனால் இரண்டும் ஒன்றில்லை.

சாவுக்குச் சடங்கு உண்டு. உடல் உண்டு, தேதி உண்டு, பந்தல் போட ஆள் உண்டு. பக்கத்து வீட்டார் காபி கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆபீசில் விடுப்புக் கிடைக்கும். பதினாறாம் நாள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. விட்டுப்போனவருக்கு இதெல்லாம் எதுவும் இல்லை. அப்பா ஓடிப்போன வீட்டுக்கு யாரும் துக்கம் விசாரிக்க வருவதில்லை. வந்தாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறு மாதிரி விசாரிப்பார்கள். செத்தவரைப் பற்றி ‘ஏன் இப்படி ஆச்சு’ என்று கேட்கிறோம். விட்டுப்போனவரைப் பற்றிய கேள்வி, ‘என்னிடம் என்ன குறை’ என்று நம் பக்கமே திரும்பும்.

பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்ப நல ஆய்வாளர் 1970-களில், வியட்நாம் போரில் காணாமல் போன ராணுவத்தினரின் குடும்பங்களை ஆராய்ந்தார். அந்த வீடுகளில் கணவன் இறந்ததாகவும் எடுத்துக்கொள்ள முடியவில்லை, இருப்பதாகவும் நம்ப முடியவில்லை. முடிவு தெரியாத இந்த இழப்புக்கு அவர் தனியாக ஒரு பெயர் வைத்தார். தமிழில் ‘தெளிவற்ற இழப்பு’ என்று சொல்லலாம். இதிலும் இரு வகை: ஆள் இல்லை ஆனால் மனதில் இருக்கிறார் என்பது ஒன்று, மறதி நோய் வந்த பெற்றோரைப் போல, ஆள் எதிரே இருக்கிறார் ஆனால் அவர் அவராக இல்லை என்பது மற்றொன்று. இந்தக் கருத்து நமக்கு அந்நியமானதில்லை. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்தி 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார்கள் தொடங்கிய போராட்டத்தை அறிந்தவர்களுக்கு, படத்துக்கு மாலை போடலாமா கூடாதா என்று தெரியாத நிலை என்ன என்பதை விளக்கவே தேவையில்லை.

ஐந்து படிகள் செய்த வேலை

ஆங்கிலத் தொடர்களில் யாராவது இறந்தால், கொஞ்ச நேரத்தில் ஒரு கதாபாத்திரம் ‘ஐந்து கட்டங்கள்’ பற்றிப் பேச ஆரம்பித்துவிடும். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-ல் வெளியிட்ட நூலிலிருந்து வந்தது இது. பலரும் கவனிக்காத விஷயம், அவர் பேட்டி கண்டது சாகப் போகிறோம் என்று அறிந்த நோயாளிகளை. அதாவது தன் சாவை ஒருவர் எதிர்கொள்ளும் விதத்தைப் பற்றிய நூல் அது. பின்னால் அது பிறர் சாவுக்கு அழுகிறவர்களுக்கும் பொருத்தப்பட்டது.

திரைக்கதை எழுதுகிறவருக்கு இந்தப் பட்டியல் எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். ஐந்து கட்டம், ஐந்து காட்சி, கடைசியில் ஏற்பு, ஒரு சூரிய உதயம், முடிந்தது. நிஜத்தில் துக்கம் அப்படி வரிசையில் நின்று வருவதில்லை. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999-ல் முன்வைத்த விளக்கம் எனக்கு இதைவிடப் பொருத்தமாகப் படுகிறது. இழந்தவர் இரண்டு பக்கமும் மாறி மாறிப் போய்வருகிறார் என்கிறார்கள் அவர்கள். கொஞ்ச நேரம் இழப்பில் மூழ்குவார். பிறகு எழுந்து கேஸ் புக் செய்வார், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுவார், யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரிப்பார். பிறகு மறுபடி மூழ்குவார். சிரித்ததால் துக்கம் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

நல்ல தொடரையும் சுமாரான தொடரையும் பிரிக்க எனக்குத் தெரிந்த எளிய சோதனை இதுதான்: துக்கத்தில் இருக்கும் ஆளுக்கு அந்தத் தொடர் வேறு வேலை எதுவும் கொடுக்கிறதா?

கொரியாவின் ‘ரிப்ளை 1988’ தொடரின் இரண்டாவது எபிசோடைப் பாருங்கள். 2015 நவம்பரில் டிவிஎன் சேனலில் வந்தது. நாயகி தொக்-சன்னின் பாட்டி இறந்துவிட, குடும்பம் கிராமத்துக்குப் போகிறது. பாட்டிமேல் உயிரையே வைத்திருந்தவள் அவள். அங்கே போய்ப் பார்த்தால் அப்பாவும் பெரியப்பாக்களும் அத்தைகளும் விருந்தாளிகளோடு சிரித்துப் பேசுகிறார்கள், குடிக்கிறார்கள், சீட்டு ஆடுகிறார்கள். பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. பெற்ற தாய் செத்திருக்கிறாள், இவர்களுக்கு வருத்தமே இல்லையா? நம் ஊர் எழவு வீட்டில் வாசலில் சீட்டுக் கச்சேரி நடப்பதைப் பார்த்து முகம் சுளித்த பிள்ளைகளுக்கும் இந்தக் குழப்பம் தெரியும்.

வந்தவர்கள் போய், இரவாகிறது. அமெரிக்காவிலிருந்து அப்பாவின் மூத்த அண்ணன் வந்து சேருகிறார். வாசலில் அவரைப் பார்த்ததும், பகலெல்லாம் சிரித்துக்கொண்டிருந்த அதே பெரியவர்கள் உடைந்து ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு கதறுகிறார்கள். பிள்ளைகள் ஒரு ஓரத்தில் நின்று இதைப் பார்க்கிறார்கள். இயக்குநர் இங்கே செய்த முக்கியமான முடிவு, அழுகையை முதலில் வைக்காமல் இருந்தது. பகலின் சிரிப்பை நாம் முழுசாகப் பார்த்தபிறகுதான் இரவின் அழுகைக்கு அந்தக் கனம் வருகிறது. பெரியவர்கள் தாங்கிக்கொண்டு இருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று அந்தப் பெண்ணுக்கு அப்போது புரிகிறது.

அதே எபிசோடில் இன்னொரு சின்ன இடமும் உண்டு. அம்மாவை இழந்த தொக்-சன்னின் அப்பா, சின்ன வயதிலேயே தாயை இழந்த பக்கத்து வீட்டுப் பையன் தேக்கிடம், அம்மா எப்போது ரொம்ப ஞாபகத்துக்கு வருவாள் என்று கேட்கிறார். பையன் சொல்வது: தினமும். வயதில் பெரியவர் சின்னவனிடம் பாடம் கேட்கும் இந்தக் காட்சி ஒரு நிமிடம்கூட இருக்காது.

காலி இடத்தை வரைவது

தொலைக்காட்சியில் சாவைக் காட்டியதில் நான் முதலிடம் தருவது ஒரு ரத்தக்காட்டேரிக் கதைக்கு. ‘பஃபி’ என்று ஒரு அமெரிக்கத் தொடர். பேய்களையும் காட்டேரிகளையும் வாரம் தவறாமல் அடித்துப் போடும் இளம்பெண்ணின் கதை. அதில் வராத சாவு இல்லை. 2001 பிப்ரவரி 27-ல் வந்த ‘தி பாடி’ என்ற எபிசோடில் அவள் அம்மா இறக்கிறாள். பேயும் இல்லை, சதியும் இல்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, பட்டப்பகலில், வீட்டு சோபாவில்.

ஜாஸ் வீடன் எழுதி இயக்கிய இந்த எபிசோடில் பின்னணி இசையே கிடையாது. ஒரு இடத்தில்கூட. இசை என்பது இப்போது என்ன உணர வேண்டும் என்று நமக்குச் சொல்லித்தரும் ஆள். அந்த ஆளை வெளியே அனுப்பிவிட்டால் பார்ப்பவரும் பஃபியைப் போலவே அந்த ஹாலில் தனியாக மாட்டிக்கொள்கிறார். கடிகாரச் சத்தம்கூடக் கனமாக இருக்கிறது.

பஃபி என்ன செய்கிறாள்? ஆம்புலன்சுக்குப் போன் செய்கிறாள். அவர்கள் வருவதற்குள் அம்மாவின் பாவாடை விலகியிருப்பதைப் பார்த்து இழுத்துவிடுகிறாள். பிறகு வாந்தி எடுத்துவிட்டு, அதன்மேல் பேப்பர் டவலைப் போட்டு, ஈரம் பரவுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வெளியாட்கள் வந்து பார்க்கும்போது அம்மா அலங்கோலமாகக் கிடக்கக்கூடாது என்று நினைக்கும் அந்தக் கை, நூறு வசனம் சொல்வதைவிட அதிகம் சொல்லிவிடுகிறது.

மற்றவர்கள் வேறு வேறு மாதிரி. தோழி வில்லோ, இந்த நேரத்தில் எந்தச் சட்டை போட்டுக்கொண்டு போவது என்று முடிவு செய்ய முடியாமல் ஒவ்வொன்றாக எடுத்து எறிகிறாள். நண்பன் சாண்டர் சுவரைக் குத்திக் கையை உள்ளே மாட்டிக்கொள்கிறான். தெருவில் தப்பாக நிறுத்திய அவன் காருக்கு அபராதச் சீட்டு ஒட்டப்படுகிறது. உலகம் நமக்காக நிற்பதில்லை என்பதற்கு அது போதும். பல நூற்றாண்டுகள் பேயாக வாழ்ந்து இப்போதுதான் மனுஷியாகியிருக்கும் ஆன்யாவுக்குச் சாவு என்பதே விளங்கவில்லை. எல்லாரும் சங்கடப்படும் மாதிரி கேள்வி கேட்டுக்கொண்டே வந்து, கடைசியில், இனி அவள் முட்டை சாப்பிட மாட்டாள், கொட்டாவி விட மாட்டாள், தலை வாரிக்கொள்ள மாட்டாள், ஏன் என்று யாருமே சொல்ல மாட்டேன் என்கிறீர்கள் என்று அழுகிறாள். நாகரிகம் தெரிந்தவர்கள் யாரும் அந்த எபிசோடில் அவ்வளவு உண்மையாகப் பேசவில்லை.

தங்கை டான் பள்ளியில் ஓவிய வகுப்பில் இருக்கிறாள். அன்றைய பாடம், எதிரே இருக்கும் சிலையை வரையக்கூடாது. சிலையைச் சுற்றியிருக்கும் காலி இடத்தை வரைய வேண்டும். அப்போது பஃபி வந்து அவளை வெளியே கூப்பிடுகிறாள். கேமரா வகுப்புக்குள்ளேயே நின்றுவிடுகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா ஏதோ சொல்கிறாள், தங்கை சரிந்து விழுகிறாள். என்ன சொன்னாள் என்று நமக்குச் சரியாகக் கேட்பதில்லை. பிறகு அவள் வரைந்துகொண்டிருந்த தாள் தெரிகிறது. ஆசிரியை சொன்ன பாடமும் எபிசோடை எடுத்த முறையும் ஒன்றுதான் என்று நாம் மெதுவாகக் கண்டுபிடிக்கிறோம். இதைப் படமெடுத்தவர்கள் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாகவே செய்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். ஆனாலும் வேலை செய்கிறது.

இதே போல உடம்பு மட்டும் பழைய வேலையைச் செய்துகொண்டிருக்கும் காட்சிகளைக் கவனித்துச் சேர்க்கலாம். ‘திஸ் இஸ் அஸ்’ தொடரில் (2018 பிப்ரவரி) தீ விபத்துக்குப் பின் மருத்துவமனையில் இருக்கும் ரெபெக்காவிடம், உன் கணவர் இறந்துவிட்டார் என்று டாக்டர் சொல்கிறார். அவள் அப்போதுதான் இயந்திரத்தில் வாங்கிய சாக்லேட்டைக் கடிக்கிறாள். ‘சிக்ஸ் ஃபீட் அண்டர்’ தொடரின் முதல் எபிசோடில் (2001) கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கணவன் விபத்தில் செத்த செய்தி வந்ததும், ரூத் அடுப்பிலிருந்த இறைச்சியைத் தரையில் வீசியடிக்கிறாள். மகனிடம், உன் அப்பா செத்துவிட்டார், என் சமையலும் பாழ் என்று ஒரே மூச்சில் சொல்கிறாள். பார்ப்பவருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் சிரித்ததற்காகக் கூச்சமாக இருக்கிறது.

அந்தத் தொடரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சவ அடக்க நிலையம் நடத்தும் குடும்பத்தின் கதை அது. ஏறக்குறைய ஒவ்வொரு எபிசோடும் யாராவது ஒருவர் சாவதில்தான் தொடங்கும். முதல் எபிசோடிலேயே மூத்த மகன் நேட் ஒரு விஷயத்துக்கு எரிச்சலாகிறான். அப்பாவின் குழியில் மண் தூவ உப்பு டப்பா மாதிரி ஒன்றைத் தருகிறார்கள், கை அழுக்காகக் கூடாதென்று. இத்தாலியின் சிசிலியில், படகில் வந்த சவப்பெட்டியைப் பார்த்துக் கரையில் நின்ற பெண்கள் அலறி அடித்துக்கொண்டு அழுததைத் தான் கண்டதாகவும், அதுதான் சரி என்றும் சொல்கிறவன் அவன். டப்பாவை ஒதுக்கிவிட்டுக் கையால் மண்ணை அள்ளிப் போடுகிறான். ஒப்பாரியும் மாரடித்தலும் தெரிந்த நமக்கு, அவன் ஏங்குவது என்ன என்று உடனே விளங்கும். அமெரிக்கத் தொடர்களில் அமைதி என்பது பெரும்பாலும் அடக்கத்தின் அடையாளம். அதைத் தரம் என்று நாமும் நம்பிவிடக் கூடாது. சத்தம் போட்டு அழுவதும் துக்கத்தின் நேர்மையான வடிவம்தான். நம் சீரியல்களிடம் எனக்குள்ள புகார் அவை சத்தம் போடுவது பற்றி இல்லை. அந்தச் சத்தத்தைச் செத்தவரின் பேரும் குணமும் சொல்லி அழும் ஒப்பாரியாக விடாமல், யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும் இடியோசையாக மாற்றிவிடுவது பற்றித்தான்.

விட்டுப் போனவருக்குக் காட்சி எது?

இனி கடினமான பக்கம். அப்பா ஓடிப்போனதை எப்படிக் காட்டுவது? ஓடிப்போன அன்று வீட்டில் யாருக்கும் அது தெரியாது. ஏதோ வேலையாகப் போயிருக்கிறார், வருவார் என்று ராத்திரி சாப்பாடு எடுத்து வைத்திருப்பார்கள். இழப்பு நடந்த நொடி என்று ஒன்று கிடையாது. அதனால் தொடர்கள் பெரும்பாலும் ஒரு தந்திரம் செய்கின்றன: போனவரை ஒருமுறை திரும்பி வரவைத்து, மறுபடி போகவிடுகின்றன. இரண்டாம் முறை போவதுதான் காட்சியாகிறது.

இதற்குப் பெயர்பெற்ற உதாரணம் ஒரு நகைச்சுவைத் தொடரில் இருக்கிறது. ‘தி ஃப்ரெஷ் பிரின்ஸ் ஆஃப் பெல்-ஏர்’, 1994 மே 9. வில் ஸ்மித் நடித்த இளைஞனும் அவன் பெயரும் ஒன்றே: வில். 14 வருடத்துக்கு முன் விட்டுப்போன அப்பா லூ திடீரென்று வருகிறார். தன் லாரியில் ஊர் ஊராகக் கூட்டிப்போவதாக ஆசை காட்டுகிறார். பையன் பெட்டி கட்டிக்கொண்டு இறங்கி வருகிறான். அவர் சாக்குச் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். அதுவரை அப்பா என்று கூப்பிட்டவன் அவர் போகும்போது ‘லூ’ என்று பேர் சொல்லி விடைகொடுக்கிறான். அங்கேயே உறவு முறிந்துவிட்டது. அதன் பிறகு வருவது அதன் வலி.

வளர்த்த பில் மாமா எதிரே நிற்கிறார். எனக்கொன்றும் இல்லை என்று ஆரம்பிக்கிறான் வில். பந்து விளையாட அவர் சொல்லித்தரவில்லை, நானே கற்றுக்கொண்டேன். ஷேவ் பண்ண, கார் ஓட்ட, சண்டை போட எல்லாம் நானே. 14 பிறந்தநாள், ஒரு கார்டுகூட வந்ததில்லை. படிப்பேன், வேலைக்குப் போவேன், கல்யாணம் செய்வேன், அவரைவிட நல்ல அப்பாவாக இருப்பேன். குரல் ஏறிக்கொண்டே போகிறது. பிறகு சட்டென்று இறங்கி, அவருக்கு நான் ஏன் வேண்டாம் என்று கேட்கிறான். பில் பதில் எதுவும் சொல்லாமல் இழுத்து அணைத்துக்கொள்கிறார். வில் அப்பாவுக்காக வாங்கி வைத்திருந்த, தகப்பனும் பிள்ளையுமான சிலையில் போய் கேமரா நிற்கிறது.

இந்தப் பேச்சில் கவனிக்க வேண்டியது பட்டியல். செத்த அப்பாவைப் பற்றிப் பேசும் பிள்ளை, அவர் செய்ததைச் சொல்லி அழும். விட்டுப்போன அப்பாவைப் பற்றிப் பேசும் பிள்ளை, அவர் செய்யாததைச் சொல்லி அழுகிறது. நல்ல வசனகர்த்தா இந்த வித்தியாசத்தைப் பிடித்துவிடுவார். இன்னொன்று, பில் ஒன்றும் பேசாதது. நம் சீரியலாக இருந்தால் அந்த இடத்தில் மாமா, ‘நான் இருக்கேன்டா உனக்கு’ என்று நெஞ்சைத் தட்டியிருப்பார். கைவிடப்பட்டவன் கேட்ட கேள்விக்கு விடை யாரிடமும் கிடையாது என்பதால் அங்கே எந்த வசனமும் பொய்யாகத்தான் ஒலித்திருக்கும்.

சாவையும் கைவிடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்த தொடர் என்றால் ‘தி லெஃப்ட்ஓவர்ஸ்’. டேமன் லிண்டலாஃப், டாம் பெரோட்டா இருவரும் உருவாக்கியது. எச்பிஓ-வில் 2014 முதல் 2017 வரை மூன்று சீசன். ஓர் அக்டோபர் 14 அன்று உலக மக்கள்தொகையில் 2 சதவீதம் பேர், அதாவது 14 கோடிப் பேர், நின்ற இடத்தில் மாயமாகிறார்கள். ஏன் என்று தெரியாது. உடல் இல்லை, குற்றவாளி இல்லை. பாலின் பாஸ் சொன்ன இழப்பை ஊர் முழுக்கப் பரப்பிப் பார்க்கும் கதை என்றே இதைச் சொல்லலாம்.

நோரா என்ற பெண்ணுக்குக் கணவனும் இரண்டு பிள்ளைகளும் ஒரே நொடியில் போய்விட்டார்கள். மூன்று வருடம் கழித்தும் அவள் பிள்ளைகளுக்குப் பிடித்த, பாலில் போட்டுச் சாப்பிடும் காலை உணவுப் பாக்கெட்டைக் கடையில் வாங்கி வருகிறாள். பிரிக்காமலே கெட்டுப்போனதைக் குப்பையில் போட்டுவிட்டு, அதே இடத்தில் புதிய பாக்கெட்டை வைக்கிறாள். வசனம் கிடையாது, அழுகை கிடையாது. ஒரு மளிகைப் பட்டியல் மாறாமல் இருப்பதைக் கொண்டே, இந்த வீட்டில் காலம் நின்றுவிட்டது என்று சொல்லிவிடுகிறார்கள்.

அதே ஊரில் லாரி என்ற பெண் இருக்கிறாள். அவள் மாயமாகவில்லை. கணவனையும் மகள் ஜில்லையும் விட்டுவிட்டு, வெள்ளை உடுத்தி, பேசாமல், எந்நேரமும் சிகரெட் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு கூட்டத்தில் தானாகவே போய்ச் சேர்ந்துவிட்டாள். நோரா இழந்தது யாராலோ பறிக்கப்பட்டது. ஜில்லின் அம்மா சில தெரு தள்ளி உயிரோடு நிற்கிறாள், பார்த்தால் பேசமாட்டாள். ஊர் எதற்காக அழ வேண்டும் என்று கேட்டால் எல்லாரும் நோராவைத்தான் கைகாட்டுவார்கள். ஜில்லின் துக்கத்துக்கு வரிசையில் இடமில்லை. அம்மாவுக்கு அவள் ஒரு லைட்டர் பரிசளிக்கிறாள், என்னை மறந்துவிடாதே என்று பொறித்து. வாங்கிக்கொண்ட லாரி அதைத் தெருவோரச் சாக்கடைக் கம்பி வழியாகப் போட்டுவிடுகிறாள். அன்று இரவே திரும்பி வந்து, தரையில் படுத்து, கம்பிக்குள் கையை நுழைத்து அதை எடுக்கப் பார்க்கிறாள். விட்டுப்போனவருக்கும் துக்கம் உண்டு என்று ஒப்புக்கொள்ளும் தொடர்கள் ரொம்பக் குறைவு. பெரும்பாலும் அவர் ஒன்று வில்லன், இல்லை கடைசியில் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பவர்.

இரண்டு இழப்பும் ஒரே ஆளிடம் வந்து சேர்ந்தால்? ‘போஜாக் ஹார்ஸ்மேன்’ அனிமேஷன் தொடரில் 2018-ல் வந்த ‘ஃப்ரீ சுர்ரோ’ எபிசோட் அதைத்தான் எடுத்துக்கொள்கிறது. சிறுவயதிலிருந்து ஒரு நல்ல வார்த்தை சொல்லாத அம்மா செத்துவிட்டாள். மகன் சவப்பெட்டி பக்கத்தில் நின்று பேசுகிறான். எபிசோட் ஏறக்குறைய முழுக்க அவன் ஒருவனின் பேச்சுதான். அம்மா செத்தது அவனுக்குப் பெரிய இழப்பில்லை. என்றாவது ஒருநாள் அவள் மாறுவாள், என்னைப் பார்ப்பாள் என்று ஒரு மூலையில் வைத்திருந்த நப்பாசை செத்ததுதான் இழப்பு. கடைக்காரி ஒருத்தி அவன் அம்மா செத்ததைக் கேட்டு ஒரு தின்பண்டத்தை இலவசமாகத் தந்ததை, அம்மா வாழ்நாளில் காட்டாத பரிவோடு ஒப்பிடுகிறான். கடைசியில் தெரியவருகிறது, அவன் பேசிக்கொண்டிருந்ததே தப்பான அறையில், வேறு யாரோ ஒருவரின் சவப்பெட்டி முன்னால்.

நடிகர் இல்லாமல் போனால்

தொலைக்காட்சிக்கே உரிய ஒரு சிக்கல் இது. வருடக்கணக்கில் ஓடும் தொடரில் நடிகர் நிஜமாகவே இறந்துவிடலாம், அல்லது வேலையை விட்டுப் போய்விடலாம். ‘எதிர்நீச்சல்’ சீரியலில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-ல் காலமானார். பாத்திரம் சாகவில்லை, வேல ராமமூர்த்தி அந்த இடத்துக்கு வந்தார். பார்வையாளர்கள் நடிகருக்காக அழுதார்கள். கதைக்குள் அழ வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. ‘இவருக்குப் பதில் இவர்’ என்பது நமக்குப் பழகிய வழக்கம்.

அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சியான ‘செசமி ஸ்ட்ரீட்’ வேறு மாதிரி முடிவெடுத்தது. கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்தார். ஆளை மாற்றாமல், ஊரைவிட்டுப் போய்விட்டார் என்று பொய்யும் சொல்லாமல், 1983 நவம்பர் 24-ல், பெற்றோர் வீட்டில் இருக்கும் விடுமுறை நாளாகப் பார்த்து, அவர் இறந்துவிட்டார் என்றே சொன்னார்கள். பிக் பேர்ட் என்ற பெரிய மஞ்சள் பறவை எல்லாரையும் படம் வரைந்து கொண்டுவருகிறது. ஹூப்பர் படம் மட்டும் கையில் மிஞ்சுகிறது. அவர் திரும்பி வந்ததும் கொடுக்கிறேன் என்கிறது. செத்தவர்கள் வரமாட்டார்கள் என்று விளக்குகிறார்கள். ஏன் என்று விடாமல் கேட்கிறது. அது அப்படித்தான் என்பதுதான் கடைசிப் பதில். குழந்தைகளிடம் இவ்வளவு நேராகப் பேசும் துணிச்சல் பெரியவர்களுக்கான தொடர்கள் பலவற்றில் இல்லை.

‘மேஷ்’ தொடரில் கொரியப் போர் முனையின் டாக்டர் ஹென்றி பிளேக்காக நடித்த மெக்லீன் ஸ்டீவன்சன் விலகினார். 1975 மார்ச் 18-ல் அவரைச் சிரிப்பும் கொண்டாட்டமுமாக ஊருக்கு அனுப்பிவைத்துவிட்டு, கடைசி நிமிடத்தில், அவர் போன விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது என்று அறுவை சிகிச்சைக் கூடத்தில் அறிவிக்கிறார்கள். நடிகர்களில் பெரும்பாலானோருக்கு அந்தக் கடைசிப் பக்கத்தை முன்கூட்டித் தரவில்லை. எங்கோ ஒரு கருவி கீழே விழும் சத்தம். பிறகு டாக்டர்கள் முகமூடிக்குள் அழுதபடி தையலைத் தொடர்கிறார்கள். நகைச்சுவைத் தொடரில் இப்படிச் செய்யலாமா என்று கோபப்பட்டுக் கடிதங்கள் வந்தன.

எதிலிருந்து தொடங்குவது

புதிதாகப் பார்ப்பவர்கள் ‘ரிப்ளை 1988’-ன் முதல் இரண்டு எபிசோடிலிருந்து தொடங்கலாம். முன்கதை எதுவும் தேவையில்லை, குடும்பத்தோடு பார்க்கலாம். அடுத்து ‘ஃப்ரெஷ் பிரின்ஸ்’ எபிசோட், அரைமணி நேரம்கூட ஆகாது. ‘தி பாடி’யைத் தனியாக எடுத்துப் பார்த்தாலும் புரியும் என்றாலும், அந்த அம்மாவை முன்பே கொஞ்சம் தெரிந்திருந்தால் அது வேறு அனுபவம், சில எபிசோடுகள் முன்னாலிருந்து பார்த்துக்கொண்டு வருவது நல்லது. ‘தி லெஃப்ட்ஓவர்ஸ்’ முதல் சீசன் நிஜமாகவே பாரமானது, இரண்டாவது சீசனில்தான் மூச்சுவிட இடம் தருகிறது. சமீபத்தில் வீட்டில் இழப்பு நேர்ந்தவர்கள் அதை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம். ஒரே ஒரு முறை, ஏதாவது ஒரு எபிசோடை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். யார் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அப்போதுதான் கண்ணில் படும்.